ஆமையின் கோட்டை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அமீனாவின் பொருட்டு வாதாடுவதற்கு எவரும் முன்வரப்போவதில்லை. ஆனால் ஆமையின் பக்கத்தில் நின்று நோக்குவோமாயின் இப்பழமொழியைத் திருப்பியே சொல்லவேண்டியிருக்கும். மனிதனுடைய வீட்டிற் புகுந்த ஆமைதான் பெரும்பாலும் உருப்படாமற் போகின்றது. காட்டில் நரிக்கும் கீரிக்கும் தப்பி முப்பது நாற்பது ஆண்டு வாழக்கூடிய பிராணி, நம் வளவுக்கு வந்து ஒரு மாரியைக் கூடக் காணாமல் மடிந்துபோவதுண்டு. அது ஏன் என்பதைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் வாழ்வோருக்கு ஆமை புதிய விருந்தாளியன்று. கடலிலே பேராமையும் அழுங்காமையும் சிற்றாமையும் உண்டு. கட்டுக்கரைக் குளத்திலும் அதன் வாய்க்கால்களிலும் காராமையும் பாலாமையும் உண்டு. இவ்விரு கூட்டத்தாரையும் இன்று ஒருபுறம் விட்டுவிடுவோம். நாம் பேசவிருப்பது தரையாமையைப் பற்றி. வாடைக் காற்றோடு மழை விழுந்து, பற்றைகளுக்கிடையே புல் தளிர்த்தவுடன், எங்கிருந்தோ புறப்பட்டு வந்து மாட்டுத் தடங்களிலும் தார் வீதிகளிலும் நிதானமாக நடந்து செல்லும் நட்சத்திர ஆமையே அது. சிறுவர் கண்ணிற் பட்டுவிட்டால் அதன் நடை அன்றோடு முடிந்தது. சாக்கிலோ பையிலோ ஏறி வீட்டுக்கு வந்து சேரும்.

கருமையான ஓட்டின் மேல் ஒவ்வொரு தகட்டின் நடுவிலிருந்தும் மஞ்சட் கதிர்கள் விரிந்து ஓடுவதனால் இதற்கு இப்பெயர் வந்தது. 1795ஆம் ஆண்டில் இதற்கு இலத்தீன் மொழியிற் பெயர் சூட்டிய ஜேர்மானிய அறிஞர் ஷோப்ஃப் என்பாரும் ‘அழகியது’ என்று பொருள்படும் சொல்லையே தேர்ந்தெடுத்தார். மேசையின் மேல் வைத்துப் பார்த்தால் இவ்வளவு பகட்டான கோலம் எதற்கு என்று தோன்றும். உடை மரத்தின் கீழ், காய்ந்த புல்லினூடே வெயில் கீற்றுக் கீற்றாக விழும் இடத்தில் அதனை வைத்துப் பாருங்கள். இரண்டு பாகத் தூரத்தில் நிற்பவன் கண்ணுக்கும் அது புலப்படாது. வெளிச்சமும் நிழலும் கலந்த அந்தத் தரையையே அது தன் முதுகில் வரைந்து வைத்திருக்கின்றது.

இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் பாக்கிஸ்தானிலும் இது வாழ்கின்றது. இலங்கையில் வில்பத்து முதலிய உலர் வலயக் காடுகளும் கரையோரப் பற்றைகளும் இதன் வீடு. இலங்கைப் பெண்ணாமைகள் இவ்வினத்திலேயே மிகப் பெரியவை. ஓட்டின் நீளம் ஓரடிக்கும் மேற்படும். ஆண்கள் அதிற் பாதியளவே இருக்கும். புல், இலை, உதிர்ந்த பழம், நாகதாளி மடல் ஆகியன உணவு. காலையிலும் மாலையிலும் உலாவி, நண்பகலிற் பற்றையின் அடியிற் புகுந்து கிடக்கும்.

“காகம் கொத்தாமலும் நாய் கடியாமலும் ஆமையை வளவில் வளர்ப்பது எப்படி?” என்று மாணவர் கேட்பதுண்டு. இதற்கு விடை சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்த ஆமையைக் காட்டிலிருந்து எடுத்துவந்து வளர்ப்பது இலங்கையிற் குற்றம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் நட்சத்திர ஆமையைக் காக்கின்றன. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரியவை. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாறே தடுக்கின்றது. அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் 2019ஆம் ஆண்டில் இது சேர்க்கப்பட்டது. வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது அதனால் முற்றாகத் தடைப்பட்டது.

அப்படியாயின் பாதுகாப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். நிறைய இருக்கின்றது. காயமுற்ற ஆமையொன்று கையிற் கிடைத்தால், வனசீவராசிகள் திணைக்களத்தார் வரும்வரை அதனைக் காப்பாற்றி வைக்கவேண்டும். கடல் கடந்து வாழும் நம் உறவினர் பலர், அந்நாட்டுச் சட்டப்படி சான்றிதழ் பெற்ற வேறினத் தரையாமைகளைப் பிள்ளைகளுக்காக வளர்க்கின்றனர். அவர்கள் அறிந்திருக்கவேண்டியவையும் இவையே. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வேலிக்கு வெளியே சுதந்திரமாகத் திரியும் ஆமைக்குப் பகைவர் யாவர் என்பதை அறியாமல் அதற்கு நாம் நன்மை செய்ய இயலாது.

மன்னார்க் கோட்டையைப் பார்க்காத வாசகர் நம் மாவட்டத்தில் இரார். 1560இற் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. கொத்தளங்கள் எவ்வளவு தடிப்பாயினும், கோட்டைக்கு வாயில் என்று ஒன்று இருந்தே தீரவேண்டும். அதுவே அதன் மெலிந்த இடம். ஆமையின் ஓடும் அத்தகையதே. அது சட்டைபோற் கழற்றி மாட்டத்தக்க உறையன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றாகப் பொருந்தி அமைந்த உயிருள்ள எலும்பு அது; மேலே நகத்தை ஒத்த தகடுகள் போர்த்தியிருக்கின்றன. அதில் இரத்தம் ஓடுகின்றது, உணர்ச்சியும் உண்டு. இந்தக் கோட்டைக்கு முன்னும் பின்னும் வாயில்கள். பகைவன் அணுகினால் தலை உள்ளே போகும். செதில்கள் தடித்த முன்கால்கள் இரண்டும் கதவுபோல் வந்து மூடும். பின்கால்களும் வாலும் உள்ளே ஒடுங்கும். கடலாமைக்கு இந்த வசதி இல்லை. அதன் தலையும் துடுப்புகளும் எப்போதும் வெளியிலேயே இருக்கும். புலனடக்கத்துக்கு வள்ளுவரும் கீதாசிரியரும் ஆமையை உவமை கூறியது தரையாமையையும் குளத்தாமையையும் பார்த்தே என்பதில் ஐயமில்லை. ஐந்து என்று வள்ளுவர் கணக்கிட்டதில் வால் விடுபட்டுப் போயிற்றே என்று வகுப்பிலே குறும்பாகக் கேட்கும் மாணவன் ஆண்டுக்கு ஒருவனாவது அகப்படுவான்.

ஓட்டின் வடிவத்திலும் ஒரு சூழ்ச்சி இருக்கின்றது. மல்லாத்திப் போடப்பட்ட ஆமை வெயிலிற் கிடந்து சாகும் என்பது எல்லாரும் அறிந்தது. உயரம் குறைந்து தட்டையான ஓடுடைய ஆமைகள் கழுத்தை நீட்டித் தரையில் ஊன்றிப் புரள்கின்றன. நட்சத்திர ஆமைக்குக் கழுத்து குட்டை. ஆனால் ஓடு குவிந்து கும்மட்டம் போன்றது. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த காபோர் தொமோகோஷ், பேட்டர் வார்க்கோனி என்னும் அறிஞர் இருவர், எப்படி வைத்தாலும் தானாகவே உருண்டு ஒரே நிலைக்கு வந்து நிற்கும் திண்மம் ஒன்றைக் கணிதத்தால் கண்டறிந்து 2006இல் அதனைச் செய்தும் காட்டினர். உள்ளே ஈயம் வைத்த தலையாட்டிப் பொம்மை போலன்றி, முழுவதும் ஒரே சீரான பொருளாலான திண்மம் அது. ‘கொம்பொக்’ என்பது அதன் பெயர். பின்னர் அவர்கள் ஆமைகளின் ஓடுகளை அளந்து பார்த்தபோது, இந்த அதிசய வடிவத்துக்கு மிக அண்மையில் வந்தது நம் நட்சத்திர ஆமையே. சிறிது காலை அசைத்தால் போதும், உருண்டு எழுந்துவிடும். ஆனால் திறந்த தரையில்தான் அது நடக்கும். சுவர் மூலையிலோ செங்கல் இடுக்கிலோ கவிழ்ந்து சிக்கிய ஆமைக்குக் கணிதம் உதவுவதில்லை.

இத்தனை காவலும் வளர்ந்த ஆமைக்கே. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒன்றரை அங்குல நீளந்தான் இருக்கும். அதன் ஓட்டில் எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று முழுதாய்ப் பொருந்தியிரா. விரலால் அழுத்தினால் நெகிழும். அது கடினமாவதற்கு ஆண்டுகள் பல செல்லும். அதுவரை உடும்புக்கும் கீரிக்கும் பருந்துக்கும் அது ஒரு வாய் உணவு. கூட்டிலே வெடித்த முட்டையைச் செவ்வெறும்புகள் மொய்த்துக் கொல்வதும் உண்டு.

இவர்களுள் காகத்தைத் தனியே எடுத்துச் சொல்லவேண்டும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் கருவாடு காயும் கரைகளில் காகங்களுக்குக் குறைவில்லை. மீனின் குடலும் தலையும் நாம் வீசுவது. அவற்றைத் தின்று பெருகுவது காகம். பெருகிய காகம் கரையோடு நின்றுவிடாது. பற்றைக்காட்டின் விளிம்பிலும் போய் உட்காரும். இதன் விளைவு என்ன என்பதற்கு அமெரிக்காவின் மொகாவே பாலைவனத்தில் நல்ல சான்று உண்டு. அங்கும் ஒரு தரையாமை வாழ்கின்றது. ஊர்களும் வீதிகளும் குப்பைமேடுகளும் பெருகவே, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்டங்காக்கைகள் பல மடங்காகப் பெருகின. அவற்றின் கூடுகளின் கீழே, முதுகிலே துளை விழுந்த குட்டியாமை ஓடுகள் குவியலாகக் கிடக்கக் கண்டனர். பின்னர் ஆராய்ச்சியாளர், மேலே வலை போர்த்த அடைப்புக்களில் குஞ்சுகளைச் சில ஆண்டு வளர்த்து, ஓடு கடினமான பின் வெளியே விடும் முறையைக் கையாளலாயினர். வெளியில் வளரும் குட்டியாமைக்கு மேற்கூரை வலை வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

பறவையின் கையில் ஆமை அகப்பட்ட கதைகளுள் ஒன்று கிரேக்க நாட்டுக் கதை. நாடகப் புலவர் ஐஸ்கிலஸ் கி.மு. 456இல் சிசிலித் தீவில் இறந்தார். ஓட்டை உடைப்பதற்குப் பாறை தேடிப் பறந்த கழுகொன்று, அவருடைய வழுக்கைத் தலையைப் பாறையென்று எண்ணி ஆமையை அதன்மேற் போட்டதால் அவர் உயிர் நீத்தார் என்று பண்டையோர் எழுதிவைத்தனர். கதையின் உண்மை எவ்வாறாயினும், கழுகுகள் ஆமையை உயரத் தூக்கிப் பாறையிற் போட்டு உடைப்பது மெய்யே.

இனி நாய்க்கு வருவோம். வளர்ப்பு ஆமைக்கு வாய்க்கும் பகைவருள் தலையாயது நரியுமன்று, உடும்புமன்று, வீட்டு நாயே. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். “எங்கள் நாய் ஆமையோடு விளையாடும், நான்கு வருடமாக ஒன்றும் செய்யவில்லை” என்பார்கள். மெய்யாகவே நான்கு வருடம் ஒன்றும் செய்யாதிருக்கும். ஐந்தாம் வருடத்தில் ஒரு நாள், வீட்டார் கலியாணத்துக்குப் போயிருக்கும் பிற்பகலில், பொழுது போகாத நாய் ஆமையை எடுத்து இரு முன்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு ஓட்டின் விளிம்பைக் கடிக்கத் தொடங்கும். அதற்கு அதிற் பகைமை ஒன்றும் இல்லை. ஆமையின் ஓடு எலும்பு. எலும்பைக் கறுவுவது நாயின் இயல்பு. காட்டுப் பகைவன் ஓடு திறவாதென்று கண்டால் சிறிது நேரத்தில் வேறிரை தேடிப் போய்விடுவான், அவனுக்குப் பசி. வயிறு நிறைந்த வீட்டு நாய்க்கு அவசரமில்லை. நாள் முழுவதும் இருந்து கடிக்கும். உள்ளே ஒடுங்கிக் காத்திருந்தால் பகைவன் போய்விடுவான் என்ற ஆமையின் பரம்பரை நம்பிக்கை முறிவது இங்கேதான். ஆகையால், எவ்வளவு சாதுவான நாயாயினும் அதனையும் ஆமையையும் ஒரே வளவில் ஒருங்கே விட்டுச் செல்லலாகாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

பகலில் நாயும் காகமும் என்றால் இரவில் எலி. ஆமை தன் உடலின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணியன்று. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் அதன் அங்கங்கள் மந்தமாகிவிடும். பெருச்சாளி வந்து காலைக் கறுவினாலும் விலகிப் போகும் வேகம் அதற்கு இராது. எலி சிறியதென்று அலட்சியம் செய்வோர் கலாபாகஸ் தீவுகளின் செய்தியைக் கேட்கட்டும். அங்கே பின்சோன் என்னும் தீவில், கப்பல்களோடு வந்து குடியேறிய எலிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பொரித்த ஆமைக்குஞ்சு ஒன்றையும் உயிரோடு வளரவிடவில்லை. கிழ ஆமைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. 1965 முதல் முட்டைகளை வேறு தீவுக்கு எடுத்துச் சென்று பொரிக்கவைத்து, ஓரளவு வளர்த்தபின் கொண்டுவந்து விட்டதனாற்றான் அவ்வினம் பிழைத்தது. 2012இல் எலிகளை முற்றாக ஒழித்தனர். அதன் பின்னரே அத்தீவில் இயற்கையாகப் பொரித்த குஞ்சுகள் மீண்டும் பிழைக்கத் தொடங்கின.

பகைவரிடமிருந்து காப்பதாக எண்ணிச் சிலர் செய்யும் காரியம் ஒன்றுண்டு. ஓட்டின் விளிம்பிலே துளையிட்டுக் கயிறு கோத்து மரத்திற் கட்டிவிடுகின்றனர். உயிருள்ள எலும்பைத் துளைக்கின்றோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. துளை வழியே புண் சீழ்ப்பிடிக்கும். அதைவிடக் கேடு, நிழலுக்கும் மறைவுக்கும் போகும் ஒரே வழியை நாம் அடைத்துவிடுகின்றோம். கட்டிய ஆமையைச் சுற்றி நாய் சாவகாசமாக வலம் வரலாம். பாலாமையைக் கிணற்றில் விடும் வழக்கத்தைப் பார்த்துத் தரையாமையையும் கிணற்றில் விடுவோர் உண்டு. அதற்கு நீந்தத் தெரியாது, மூழ்கி இறந்துவிடும்.

ஆகவே அடைப்பு எவ்வாறு அமைய வேண்டும்? பற்றையை நினைவில் வைத்துக்கொண்டு கட்டினால் தவறாது. முள் மண்டிய தாழ்ந்த பற்றையின் அடியிற் கிடக்கும் ஆமையைப் பருந்து மேலிருந்து காணாது; நாய் முகத்தை நீட்டினால் முள் குத்தும்; வெயில் விழாது; தரையும் ஈரம் முற்றிலும் வற்றாதிருக்கும். இவ்வளவையும் கல்லாலும் கம்பியாலும் நாம் செய்துகாட்டவேண்டும்.

சுவர் முதலில். ஊடே பார்க்கக்கூடிய கம்பிவேலி ஆமைக்கு ஆகாது. அப்பாற் புல் தெரிந்தால் அங்கேயே போய் முட்டிக்கொண்டு நிற்கும். முகமும் முன்கால்களும் புண்ணாகும். நம் பனையோலை வேலியும் கிடுகு வேலியும் பார்வையை மறைப்பதில் மிகச் சிறந்தவை. ஆனால் கீழே நாய் புகும் பொட்டு விழ எத்தனை நாளாகும்? போதாக்குறைக்கு மன்னார் வீதிகளிற் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளும் வேலியை உராய்ந்து சரிக்கும். ஆதலால் ஒன்றரை அடி உயரத்துக்குக் கல்லாலோ சீமெந்துக் கட்டியாலோ சுவர் எழுப்பி, அதன் அத்திவாரத்தை ஓரடி ஆழத்துக்கு மண்ணுள் இறக்குதல் நன்று. வெளியிலிருந்து நாய் தோண்டாது; உள்ளிருந்து ஆமையும் தோண்டாது. நான்கு மூலைகளையும் வளைவாகக் கட்டுவது, அல்லது பலகையால் மூடுவது அவசியம். ஆமை மூலையிலே காலூன்றி ஏறுவதில் நாம் எண்ணுவதைவிடக் கெட்டிக்காரத்தனம் உடையது. ஏறிப் பின்புறமாக விழுவதிலும் அப்படியே.

சுவருக்கு மேல் அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலை. மீனவக் குடும்பங்களிற் பழைய வலை தாராளமாகக் கிடைக்கும். அதனைப் போர்த்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. காகத்தை அது தடுக்கும். கீரியையும் எலியையும் தடுக்காது. தரையில் தொங்கும் நூல் ஆமையின் காலிற் சுற்றி இறுக்கிவிடும். உள்ளே பாதி இடத்துக்கு மேல் நிழல் இருக்கவேண்டும். மன்னாரின் நடுப்பகல் வெயிலிற் கம்பிவலைக் கூட்டுக்குள் நிழலின்றி அடைபட்ட ஆமைக்கு நாயும் வேண்டாம், காகமும் வேண்டாம். தண்ணீர் வைப்பதற்கு ஆழமில்லாத மண் தட்டம் போதும். தரையோடு தரையாகப் புதைத்துவிடவேண்டும்.

இரவுக்கு ஒரு பெட்டி. எலி கறுவ முடியாத தடித்த பலகையிலோ கல்லிலோ அமைந்து, காற்றுப் போவதற்குக் கம்பிவலை அடித்த துவாரமும் கொண்டியிட்ட கதவும் உடையதாய் இருக்கவேண்டும். பொழுது சாயுமுன் ஆமையை அதனுள் விட்டுக் கதவை அடைப்பது, கோழியைக் கூட்டில் அடைப்பது போல் அன்றாடக் கடமை. இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். கோழியின் ஆயுள் சில வருடம். ஆமையை ஏற்றவர் முப்பது வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாலைகளில் அந்தக் கொண்டியைப் போடவேண்டும். எலிக்கு ஓர் இரவு போதும். பிள்ளை கேட்கின்றான் என்பதற்காக ஆமை வாங்க நினைக்கும் வெளிநாட்டு உறவினர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பல்கலைக்கழகம் போன பின் அந்தப் பிள்ளை மாலை ஆறு மணிக்கு வீட்டில் இராது.

அவ்வாறு வெளிநாட்டிலே சட்டப்படி வளர்ப்போருக்குப் பகைவரின் பெயர் மட்டுமே மாறும். இலண்டனில் வீட்டுத் தோட்டங்களுக்கு நரி வரும். ரொறன்ரோவில் ரக்கூன் என்னும் பிராணி வரும். அதற்கு மனிதக் கைபோன்ற முன்கால்கள் இருப்பதால் சாதாரணக் கொண்டியைத் திறந்துவிடும். ஆகவே பூட்டு வேண்டும். குளிர்காலத்தில் உறங்கும் மத்தியதரைக்கடல் நாட்டு ஆமைகளை எலி கறுவுவது அங்குள்ள பெருந்தொல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைற், திமொதி என்ற ஆமையொன்றைத் தம் அத்தையாரின் மறைவுக்குப் பின் 1780 முதல் வளர்த்து, அதன் அன்றாட நடவடிக்கைகளைக் குறித்துவைத்தார். அத்துணைக் கூர்ந்து நோக்கியவரிடமிருந்தும் அது ஒருமுறை படலை வழியே வெளியேறிச் சில நாள் காணாமற் போயிற்று. ஆணென்று கருதிப் பெயரிடப்பட்ட அந்த ஆமை பெண் என்பது அது இறந்த பின்னரே தெரியவந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றது.

நாய் கடித்த ஆமை கையிற் கிடைத்தால் செய்யவேண்டியது சொற்பம். கொதித்து ஆறிய உப்புநீரால் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியாற் காயத்தை மூடி, ஈ மொய்க்காத நிழலிடத்தில் ஒரு பெட்டியில் வைக்கவேண்டும். ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும். மஞ்சள், எண்ணெய், சாம்பல் என்று எதையும் அப்பலாகாது. உடனே மிருக வைத்தியருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவித்தல் வேண்டும். பிளந்த ஓட்டை வைத்தியர் பொருத்திக் குணப்படுத்த முடியும். நாயின் வாய்க் கிருமியால் உண்டாகும் சீழுக்கு மருந்து உள்ளே செல்லவேண்டும்.

ஆனால் எத்தனை வலை கட்டினாலும் நாம் கட்டுவது பற்றையின் நகலே. மெய்யான பற்றை இன்னும் நம்மைச் சுற்றி இருக்கின்றது. அதனைச் சோளகக் காற்றுக் காலத்திலே தீயிட்டுக் கொளுத்துகின்றோம். தீக்கு முன்னால் ஓட ஆமையால் இயலாது. வளவின் பின்புறத்தில் நிற்கும் உடை மரங்களையும் நாகதாளியையும், பார்வைக்கு அழகில்லை என்று வெட்டி வழித்துவிடுகின்றோம். மீன் கழிவைப் புதைக்காமல் வெளியே வீசிக் காகத்துக்கும் தெருநாய்க்கும் விருந்து வைக்கின்றோம். இரவில் நம் நாயை அவிழ்த்துவிடுகின்றோம். அது எங்கெல்லாம் போய்வருகின்றது என்று கேட்பதில்லை. ஆமையை வளர்க்கவேண்டும் என்ற ஆசையுள்ள குடும்பம், வேலிக்கு அப்பால் நாலு பரப்புப் பற்றையை வெட்டாமல் விட்டு, மீன்குடலுக்கு ஒரு குழி வெட்டி, நாயை இரவிற் கட்டிவைத்தால் போதும். ஆமை தானே வந்து போகும். மாரியிலே அதன் தடத்தைப் பிள்ளைகள் மணலிற் காணலாம். தீனி போடவேண்டிய செலவும் இல்லை. கொண்டி போடவேண்டிய மாலைகளும் இல்லை.

நகலுக்கும் மூலத்துக்கும் ஒருங்கே பகைவர் ஒரு கூட்டத்தார் உண்டு. நட்சத்திர ஆமைகளைச் சாக்கிலும் பெட்டியிலும் அடைத்துக் கடல் கடத்துவோரே அவர்கள். இராமேசுவரம், மண்டபம் பக்கத்திலிருந்து படகேற்றி நம் கரைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் அண்மைக் காலத்திற் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. கிழக்காசிய நாடுகளில் அவற்றுக்கு விலை இருக்கின்றது. கரையிலோ சந்தையிலோ யாரேனும் ஆமைக்குட்டி விற்க வந்தால், இரக்கப்பட்டு வாங்கிக் காட்டில் விடலாம் என்று எண்ணுவதும் தவறே. வாங்கியவுடன் விற்றவன் அடுத்த சாக்குக்குப் புறப்பட்டுவிடுவான். மேலும், எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஆமையை நம் காட்டில் விட்டால் அதன் நோயும் உடன் செல்லும். திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

மாரி தொடங்கியதும் மதவாச்சி–தலைமன்னார் வீதியிலே வாகனம் ஓட்டுவோர் சற்று வேகத்தைக் குறைப்பது நலம். நடுவீதியில் ஆமையைக் கண்டால், பின்னால் வரும் வண்டியைப் பார்த்து நிறுத்தி இறங்கலாம். அதனைத் திருப்பி விடக்கூடாது. எந்தப் பக்கம் தலை வைத்து நடந்ததோ அந்தப் பக்கத்திலேயே வீதியைக் கடப்பிக்கவேண்டும். இல்லையேல் மறுபடி வீதிக்கே வரும். இரண்டு கைகளாலும் ஓட்டின் இருபுறமும் பிடித்து, தரைக்குச் சமீபமாக, சாய்க்காமல் தூக்குதல் வேண்டும். பயந்த ஆமை சிறுநீர் கழித்துவிடும். வறட்சிக்கென்று உடலிற் சேமித்து வைத்த தண்ணீர் அதுவே; வீணாகப் போகவிடலாகாது. வீதிக் கரையிலிருந்து சில முழம் உள்ளே, பற்றையின் நிழலில் வைத்துவிட்டு வந்துவிடலாம். அது எப்போது தலையை நீட்டும் என்று பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். கால் மணி நேரம் நின்றாலும் நீட்டாது. வண்டி புறப்பட்ட பிறகுதான் நீட்டும்.